பதில் தட்டியது யார்?

கண் வார்டில் எல்லாக் கட்டில்களைச் சுற்றியும் ஆட்கள் இருந்தார்கள், கடைசிக் கட்டிலைத் தவிர. அதில் இரண்டு கண்களிலும் கட்டுப் போட்டபடி ஒருவர் மல்லாந்து படுத்திருந்தார். பக்கத்து நாற்காலியில் யாரும் உட்கார்ந்த அடையாளமே இல்லை. அதன் மேல் வைத்திருந்த போர்வை மடிப்புக் கலையாமல் இருந்தது.

துப்பறிவாளர் அந்த நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் அப்படி ஒரு நாற்காலி உண்டு. அதில் யாரும் உட்காராமல் போய் வருஷக்கணக்காகிறது.

“உட்காருங்க பாஸ். நாற்காலி கடிக்காது,” என்றான் உதவியாளன்.

இவனுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர் வைத்தது யாரென்று தெரியாது. ஆனால் வைத்தவர் விவரமான ஆள். ரேடியோ முன்பு செருப்புக் கடையில் விற்பனையாளனாக இருந்தவன். ஆறாம் நம்பர் பாதத்தை ஐந்தாம் நம்பர் செருப்புக்குள் பேசிப் பேசியே நுழைத்து அனுப்பியவன் என்று அவனே பெருமையாகச் சொல்லிக்கொள்வான். வாயை மூடச் சொன்னால் மூடுவான், அடுத்த ஸ்டேஷன் கிடைக்கும் வரை. துப்பறிவாளர் ஒரு நாளைக்குப் பேசுகிற நாலைந்து வாக்கியங்களில் பாதி, “வாயை மூடு” என்பதுதான்.

“வாயை மூடு,” என்றார் துப்பறிவாளர்.

கட்டிலில் படுத்திருந்தவர் ஒரு பால் ஆலையில் பாட்டிலில் பால் நிரப்பும் இயந்திரத்தைக் கழுவுகிறவர். கல்யாணம் ஆகாதவர். அம்மா இருந்தவரை அம்மாவோடு இருந்தார், இப்போது தனியாக இருக்கிறார். முந்தாநாள் இயந்திரத்தின் குழாயைக் கழற்றியபோது உள்ளேயிருந்து கொதிக்கிற காஸ்டிக் சோடாத் தண்ணீர் பீறிட்டு முகத்தில் அடித்துவிட்டது. இடது கண் போனது போனதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலது கண்ணைப் பற்றிக் கட்டைப் பிரிக்கும்போதுதான் சொல்ல முடியுமாம்.

இது விபத்து என்றால் துப்பறிவாளருக்கு இங்கே வேலையில்லை. படுத்திருந்தவரோ இது விபத்தே இல்லை, தன் மாப்பிள்ளை வேண்டுமென்றே செய்தது என்று போலீசில் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை என்றால் தங்கையின் கணவர். அதே ஆலையில், சுவருக்கு அந்தப் பக்கம், காஸ்டிக் தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவர்.

துப்பறிவாளரை அமர்த்தியது அந்தத் தங்கை. வார்டு வாசலில் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள், உள்ளே வர அண்ணன் அனுமதிக்கவில்லை. முதல் நாள் அவள் துப்பறிவாளரிடம் சொன்னது இவ்வளவுதான்.

“உள்ள படுத்திருக்கறது எங்க அண்ணன். அவர் கண்ணைக் கெடுத்தது என் வீட்டுக்காரர்னு சொல்றாங்க. நான் யாருக்குன்னு அழறது, நீங்களே சொல்லுங்க.”

இன்ஸ்பெக்டர் சாயங்காலம் வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் வேறு காரணம் கிடைக்காவிட்டால் கைதுதான்.

கழுவுகிறவர் நிதானமாகவே பேசினார். ஆலையில் இயந்திரச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே காதில் விழாது, சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவன் பேசுவது எங்கே விழும். கதவு வழியாகப் போவதென்றால் முற்றத்தைச் சுற்றி வர வேண்டும். அதனால் அவரும் மாப்பிள்ளையும் வேலைக்குச் சேர்ந்த காலத்திலேயே தங்களுக்குள் ஒரு வழி வைத்துக்கொண்டார்கள். இரண்டு பக்கத்தையும் இணைக்கிற எஃகுக் குழாயில் இவர் ஸ்பேனரால் இரண்டு தட்டுத் தட்டுவார். ‘கழற்றலாமா’ என்று அர்த்தம். அந்தப் பக்கம் மாப்பிள்ளை வால்வை மூடி, குழாயில் மிச்சமிருக்கும் காஸ்டிக்கை வடித்துவிட்டு, மூன்று தட்டுத் தட்டுவார். ‘காலி, கழற்று’ என்று அர்த்தம்.

இருவரும் ஒருவரோடொருவர் வாய் திறந்து பேசி நாளாகிவிட்டது. அம்மாவுக்கு உடம்பு மோசம் என்று ஆலைக்குப் போன் வந்தபோது அதை எடுத்தவர் மாப்பிள்ளை. வேலை நடுவில் தொந்தரவு வேண்டாம், முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று மேலாளர் சொன்னதைக் கேட்டு அவர் காத்திருந்துவிட்டார். இவர் வீடு போய்ச் சேர்ந்தபோது அம்மா இல்லை. அன்றோடு பேச்சு நின்றது. தங்கை வீட்டில் தண்ணீர் குடிப்பதுகூட நின்றது. குழாயில் தட்டுவது மட்டும் நிற்கவில்லை.

“பேச்சு நின்னாலும் தட்டுல பொய் இருந்ததில்ல சார்,” என்றார் கழுவுகிறவர். “முந்தாநாள் நான் ரெண்டு தட்டினேன். மூணு பதில் வந்துச்சு. என் காதால கேட்டேன். கழட்டுனேன்.”

“பாதுகாப்புக் கண்ணாடி?”

“போட்டிருந்தேன். ஆவி படிஞ்சு ஒண்ணும் தெரியாது. பதில் வந்ததும் நெத்திக்கு ஏத்திடுவேன், அதான் பழக்கம்.”

துப்பறிவாளர் குனிந்து அவர் நெற்றியைப் பார்த்தார். கண்கட்டுக்கு மேலே தோல் வெந்து சிவந்திருந்தது. நடுவில் மட்டும் ஒரு பட்டை, விரலால் கோடு இழுத்த மாதிரி, பழைய நிறத்திலேயே இருந்தது. கண்ணாடியின் விளிம்பு உட்கார்ந்திருந்த இடம்.

கழுவுகிறவருக்குத் தாகம் எடுத்தது போலிருக்கிறது. சின்ன மேசை மேல் கையால் துழாவினார். டம்ளர் சாய்ந்து தண்ணீர் கொட்டியது. வாசலில் இருந்து தங்கை எழுந்து ஓடி வந்தாள். காலடிச் சத்தத்திலேயே யாரென்று கண்டுகொண்டவர், கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். அவள் பாதி வழியில் நின்று, திரும்பிப் போனாள். ரேடியோ ஓசைப்படாமல் டம்ளரை நிமிர்த்தி நிரப்பி வைத்தான். அவர் குடிக்கவில்லை.

காரில் ஏறியதும் ரேடியோ ஆரம்பித்தான். “பாஸ், ஒருத்தர் கேட்டேன்கிறார், இன்னொருத்தர் தட்டலைங்கிறார். இதுல ஒருத்தர் பொய் சொல்லித்தானே ஆகணும்? எனக்கென்னவோ மாப்பிள்ளை மேலதான்...”

“ரெண்டு பேரும் நிஜமே சொல்லியிருந்தா?”

“அப்ப பேய் தட்டியிருக்கணும்.”

“வாயை மூடு.”

ஆலை மேலாளர் வாசலுக்கே வந்து வரவேற்றார். குடும்பச் சண்டை ஆலைக்குள் வந்துவிட்டது, என்ன செய்வது என்று வருத்தமாகச் சொன்னார். வருத்தத்துக்கு அடியில் கொஞ்சம் நிம்மதியும் தெரிந்தது. பிளாஸ்டிக் பையில் போட்ட பாதுகாப்புக் கண்ணாடியை எடுத்துக் காட்டி, இதைக் கண்ணில் மாட்டியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்றார். உண்மைதான், பதில் வரும்வரை மாட்டித்தான் இருந்தார் என்றார் துப்பறிவாளர். பயந்தவன் கண்ணாடியைக் கழற்ற மாட்டான். குழாய் காலி என்று மனதார நம்பியவன்தான் நெற்றிக்கு ஏற்றுவான். ஆக மூன்று தட்டு கேட்டது என்று அவர் சொன்னதில் பொய் இல்லை.

கழுவும் இடத்தின் மூலையில், கண்ணில் ஏதாவது பட்டால் உடனே கழுவிக்கொள்ள ஒரு தொட்டி வைத்திருந்தார்கள். அதன் முன்னால் ஆள் உயரத்துக்கு அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன.

“தொட்டி ரொம்பப் பத்திரமா இருக்கு சார்,” என்றான் ரேடியோ மேலாளரிடம். “யாராலயும் கிட்ட போக முடியாது.”

கழுவுகிறவர் அன்று கண் தெரியாமல் தரையில் தவழ்ந்து, பெட்டிகளில் முட்டி, கடைசியில் தரை கழுவும் ரப்பர்க் குழாயைக் கண்டுபிடித்துத்தான் முகத்தில் தண்ணீர் பிடித்தாராம். எவ்வளவு நேரம் கத்தினார் என்று அவருக்கே தெரியவில்லை. அந்த நேரத்தில் அந்தக் கூடத்தில் வேறு யாரும் இல்லை. கழுவும் வேலைக்கு ஒரு ஆள் போதும் என்று மற்றவர்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

முற்றத்தைச் சுற்றி அந்தப் பக்கம் போனார்கள். காவலாளி அறையில் உட்கார வைத்திருந்த மாப்பிள்ளையைக் கூட்டிவந்தார்கள். சவரம் செய்யாத முகம், யாரையும் நேராகப் பார்க்காத கண். அவர் சொன்னதும் சுருக்கம்தான். அன்று காஸ்டிக் தொட்டிக்குக் கீழே தன் இடத்தில் இருந்தார். பம்ப் ஓடி நின்றது. மச்சானின் இரண்டு தட்டு வரவேண்டிய நேரம் ஆயிற்று. வரவில்லை. தட்டு வராமல் வால்வை மூடுகிற வழக்கம் கிடையாது, நடுவில் மூடினால் கழுவல் கெட்டுப்போகும். அதனால் காத்திருந்தார். யாரோ ஓடிவந்து சொன்ன பிறகுதான் விஷயமே தெரியும்.

துப்பறிவாளர் ரேடியோவை இயந்திரப் பக்கம் போய்க் குழாயில் இரண்டிரண்டாகத் தட்டச் சொன்னார். பதில் வந்தால்தான் நிறுத்த வேண்டும் என்று கட்டளை. ரேடியோ ஸ்பேனரைத் தோளில் சாய்த்துக்கொண்டு போருக்குப் போகிறவன் போலப் போனான்.

துப்பறிவாளர் இந்தப் பக்கம் குழாயில் காதை வைத்தார். எஃகு சில்லென்று இருந்தது. எங்கேயோ ஒரு மோட்டாரின் முனகல். அதைத் தவிர ஒன்றுமில்லை. நேரம் போயிற்று. காதை வைத்துக் காத்திருக்கும்போது உலகத்தில் தனக்கு மட்டும்தான் யாரும் தகவல் அனுப்பவில்லை என்பது போல ஒரு நினைப்பு அவருக்கு வந்தது. அது புதிய நினைப்பும் இல்லை. வீட்டில் பக்கத்துப் போர்ஷன்காரர்கள் சிரிக்கும் சத்தம் சுவர் வழியாகக் கேட்கும்போதெல்லாம் வருவதுதான்.

கடைசியில் ரேடியோ மூச்சு வாங்க ஓடிவந்தான். “என்ன பாஸ், பதிலே காணோம்? என்மேல ஏதாவது கோபமா?”

“தட்டினியா?”

“தட்டினேனாவா? பாத்திரக்காரன்கூட இப்படித் தட்ட மாட்டான். கை மரத்துப்போச்சு.”

துப்பறிவாளர் முதன்முறையாக லேசாகச் சிரித்தார். பிறகு குழாயைக் கையால் தடவிக்கொண்டே சுவரை நோக்கி நடந்தார். குழாய் சுவருக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால் கை நின்றது. அந்த இடத்தில் எஃகு இல்லை. ஒரு முழ நீளத்துக்குக் கறுப்பு ரப்பர். இரண்டு முனையிலும் பட்டி போட்டு இறுக்கியிருந்தார்கள். பட்டி புத்தம் புதிதாகப் பளபளத்தது.

அது விடுமுறையன்று போட்டது என்றார் மேலாளர். பம்ப் ஓடும்போது குழாய் அதிர்ந்து சுவரில் விரிசல் விட ஆரம்பித்ததால், அதிர்வு அந்தப் பக்கம் போகாமலிருக்க அவரே யோசனை சொல்லிப் போட வைத்தாராம். அதற்குப் பிறகு நடந்த முதல் கழுவல்தான் முந்தாநாள் கழுவல்.

“நல்லா வேலை செய்யுது,” என்றார் துப்பறிவாளர். “ஒரு தட்டுகூட இந்தப் பக்கம் வரல.”

மேலாளரின் முகத்தில் பெருமை பாதியில் நின்றது. தட்டுகிற வழக்கம் பற்றித் தனக்கு யாரும் சொன்னதில்லை, விதிப்படி நேரில் சுற்றி வந்து பார்த்துக் கேட்டுக்கொண்டுதான் கழற்ற வேண்டும் என்றார். சுற்றி வந்து பார்க்க இன்னொரு ஆள் இருந்தாரா, குழாயை மாற்றியதைக் கழுவுகிறவரிடம் யாராவது சொன்னீர்களா என்று துப்பறிவாளர் கேட்டதற்கு அவர் கைக்குட்டையைத் தேடினார்.

“அது சரி பாஸ்,” என்றான் ரேடியோ. “இவர் தட்டினது அங்க போகல, ஒத்துக்கறேன். ஆனா அவருக்குப் பதில் வந்துச்சே. ரப்பர் இந்தப் பக்கத்துத் தட்டையும் விடாதே. அப்ப அந்த மூணைத் தட்டினது யாரு?”

நியாயமான கேள்வி. ரேடியோ எப்போதாவது இப்படி ஒன்று கேட்டுவிடுவான். அதற்காகத்தான் அவனை வேலையில் வைத்திருந்தார்.

வெறும் தண்ணீரை வைத்து அதே கழுவலை மறுபடி ஓட்டச் சொன்னார் துப்பறிவாளர். பம்ப்பை இப்போது டைமர் தானாக நிறுத்திவிடும், அதுவும் அந்த விடுமுறையில் செய்த வேலைதான். தொட்டிப் பக்கம் ஒருவரும் இருக்கக் கூடாது என்று அறையைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். எல்லோரும் இயந்திரப் பக்கம் வந்து நின்றார்கள். அதற்குள் இன்ஸ்பெக்டரும் வந்து சேர்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த தங்கை கதவோரம் நின்றாள்.

தண்ணீர் குழாயில் இரைந்து ஓடியது. முடிகிற நேரத்தில் துப்பறிவாளர் கண்ணைக் காட்ட, ரேடியோ ஸ்பேனரால் இரண்டு தட்டினான்.

பம்ப் நின்றது. இரைச்சல் அடங்கியது.

டக். டக். டக்.

மூன்று தட்டு. தெளிவாக, மனிதக் கை தட்டிய மாதிரியே. ரேடியோ ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டான். அவன் உதடு ஆட்களை எண்ணியது. எல்லோரும் இங்கேயே இருந்தார்கள்.

“பாஸ், அந்தப் பக்கம் யாரு?”

“யாருமில்ல.”

துப்பறிவாளர் ஏணி கொண்டுவரச் சொல்லி, இயந்திரத்துக்கு மேலே சத்தம் வந்த, குழாய் வளைகிற இடத்தைக் காட்டினார். ரப்பர் போட்ட அதே நாளில், தண்ணீர் பின்னோக்கி வராமலிருக்க இந்தப் பக்கம் ஒரு தடுப்பு வால்வும் போட்டிருந்தார்கள். உள்ளே ஒரு இரும்பு மூடி. பம்ப் நின்றதும் குழாயில் நிற்கிற தண்ணீர் திரும்பி அதைத் தள்ளும். மூடி போய் அறைந்து, துள்ளி, மறுபடி அறைந்து, இன்னொரு முறையும் அறையும்.

“குழாய் காலியா இருந்தா அதைத் தள்ள ஒண்ணுமில்ல, தட்டாது,” என்றார் துப்பறிவாளர். “நிறைஞ்சு இருந்தாதான் தட்டும். அவர் ‘காலி’ன்னு எடுத்துக்கிட்ட மூணு தட்டு, ‘உள்ள இருக்கேன்’னு காஸ்டிக்கே சொன்னது.”

இன்ஸ்பெக்டர் மாப்பிள்ளை பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டு, மேலாளரிடம் சில கேள்விகள் இருப்பதாகச் சொல்லி அவரை ஓரமாக அழைத்துப் போனார். போகிற வழியில் அந்த அட்டைப்பெட்டிகளைக் காலால் தட்டி, இது என்ன என்று கேட்பது காதில் விழுந்தது.

தங்கை கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இரண்டு நாளாக அழாத அழுகை. அந்தக் கை அவள் கையில் கட்டை மாதிரி கிடந்தது. கைதிலிருந்து தப்பியவன் முகம் இப்படி இருக்காதே என்று துப்பறிவாளருக்குத் தோன்றியது.

மாப்பிள்ளை அவரைத் தனியாகக் கைகழுவும் குழாயடிக்குக் கூட்டிப் போனார். ரேடியோவும் கூடவே போனான், அவனை யாரும் தடுக்கவில்லை.

“நீங்க என்னைக் காப்பாத்திட்டீங்க சார். ஆனா நான் ஒண்ணு சொல்லணும். அன்னிக்குக் காலையிலயே அந்த ரப்பரைப் பார்த்தேன்.”

துப்பறிவாளர் அவர் பக்கம் திரும்பி நின்றார்.

“பார்த்ததும் தோணுச்சு, இது வழியா சத்தம் போகுமான்னு. போய்ச் சொல்லணும்னா சுவரைச் சுத்திப் போகணும், அவன் முகத்தைப் பார்க்கணும், முதல்ல நான் பேசணும். பேசுறது யாரு முதல்லங்கிற வீம்பு. தட்டுறப்பப் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன்.” அவர் குழாயைத் திறந்தார், கையை நனைக்காமலே மூடினார். “அவங்க அம்மாவுக்கு முடியலைன்னு போன் வந்த அன்னிக்கும் நான் இந்தச் சுவரைச் சுத்திப் போகல சார். இது ரெண்டாவது தடவை.”

“இது இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்ல வேண்டியது இல்ல,” என்றார் துப்பறிவாளர் கடைசியில். “சொல்ல வேண்டிய ஆள் வேற. வாங்க, கார்ல ஏறுங்க.”

வார்டில் பார்வையாளர் நேரம் முடிகிற சமயம். மற்ற கட்டில்களைச் சுற்றி இருந்தவர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கூடவே வந்த தங்கை பழையபடி வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். கடைசிக் கட்டில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. டம்ளரில் தண்ணீரும் அப்படியே இருந்தது.

துப்பறிவாளர் ஆலையில் கண்டதைச் சொன்னார். ரப்பர், இரும்பு மூடி, ஆளில்லாமலே வந்த மூன்று தட்டு. கழுவுகிறவர் அசையாமல் கேட்டார். முடித்ததும் துப்பறிவாளர் நகர்ந்துகொண்டார். மாப்பிள்ளை கட்டிலருகே வந்து நின்றார். பழக்க தோஷத்தில் அவர் கை கட்டில் கம்பியைத் தட்டப் போனது. தொடுமுன் கையை இழுத்துக்கொண்டார்.

“மச்சான்,” என்றார்.

கட்டுப் போட்ட முகம் குரல் வந்த பக்கம் திரும்பியது.

மாப்பிள்ளை எல்லாவற்றையும் சொன்னார். காலையில் ரப்பரைப் பார்த்தது, தோன்றியது, போகாமல் விட்டது, அம்மாவின் போன். எதையும் மென்று விழுங்கவில்லை. குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. சொல்லி முடித்த பிறகு மன்னிப்பு என்ற வார்த்தையைத் தேடினார் போலிருக்கிறது, கிடைக்கவில்லை.

கழுவுகிறவர் கேட்டார்.

“நான் கத்துனது உனக்குக் கேட்டுச்சா?”

“கேக்கல மச்சான். நீ தட்டுவ, தட்டுவன்னு குழாய்ல காதை வெச்சுக்கிட்டு நின்னேன்.”

“எவ்வளவு நேரம்?”

“ரொம்ப நேரம்.”

கழுவுகிறவரின் கை மேசைப் பக்கம் போய்த் துழாவத் தொடங்கி, பாதியில் நின்று, போர்வை மேலேயே விழுந்தது.

“அந்தத் தண்ணியை எடுத்துக் குடு,” என்றார். “அவளையும் உள்ள வரச் சொல்லு. எத்தனை நேரம் வெளிய உட்காருவா.”

மாப்பிள்ளை டம்ளரை இரண்டு கையாலும் எடுத்தார். வாசலில் காலடி ஓடி வரும் சத்தம் கேட்டது, யாரும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. நாற்காலி மேலிருந்த போர்வையை ரேடியோ எடுத்து ஓரமாக வைத்தான். துப்பறிவாளர் அதற்குள் வராந்தாவுக்கு வந்துவிட்டார்.

கார் கிளம்பியது. விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. கடைகளில் கூட்டம், வீடு திரும்புகிறவர்களின் நெரிசல். மறுநாள் கட்டைப் பிரிக்கும்போது வலது கண் பார்க்குமா என்று துப்பறிவாளருக்குத் தெரியாது. பார்த்தால் முதலில் யாரைப் பார்க்கும் என்பது மட்டும் தெரியும். அது போதும் என்று இருந்தது, போதாது என்றும் இருந்தது.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் ஏதோ குறைகிறது என்று அவருக்கு உறைத்தது. பக்கத்து இருக்கையில் ரேடியோ ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பியதிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. காருக்குள் எஞ்சின் சத்தம் மட்டும் இருந்தது. தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கேட்கும் அதே அமைதி.

“என்னடா,” என்றார் துப்பறிவாளர்.

“ஒண்ணுமில்ல பாஸ்.”

“ஏதாவது பேசு.”

ரேடியோ திரும்பி அவரைப் பார்த்தான். காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகம்.

“என்ன பேச?”

“எதுவானாலும் சரி. பேசு.”

ரேடியோ தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான். செருப்புக் கடைக்கு ஒரு தடவை ஒருவர் வந்தாராம். வலது காலுக்கு மட்டும் செருப்புக் கேட்டாராம், இடது கால் வெளியூர் போயிருக்கிறது என்றாராம். துப்பறிவாளர் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய தெரு வந்தது. அவர் திரும்பாமல் நேராக ஓட்டினார்.